இடித்த கோயிலிலிருந்து வந்த பதில்

சுவா பக்கம் நாங்கள் குடியிருந்த தோட்டம் வேறு முதலாளிக்குக் கைமாறியதும் அங்கிருந்த கோயிலை இடித்தார்கள். அம்மனைத் தெமியாங்கில் கட்டிய புதுக்கோயிலுக்குக் கொண்டுவந்தோம். கோயிலின் இணையதளத்தைக் கவனிப்பவன் நான். தளத்தை நகலெடுத்துப் புது முகவரியில் ஏற்றி, அர்ச்சனைப் பதிவு மென்பொருளின் உரிம எண்ணைப் போட்டேன். ஏற்கவில்லை. 'உரிமம் ஒரு முகவரிக்கு மட்டுமே; இந்த உரிமம் ஏற்கெனவே வேறு முகவரியில் இயங்குகிறது' என்றது.

பழைய முகவரியைத் திறந்தேன். நான் நிறுத்த மறந்த தளம் அப்படியே இருந்தது. அன்று காலைவரை பெயர், நட்சத்திரத்தோடு பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் 'அர்ச்சனை நிறைவேறியது' என்று தானாகவே பதில் போயிருந்தது.

அடிக்கடி பதிந்திருந்தவர், சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலைபார்க்கும் லெட்சுமி அக்கா. அவரை அழைத்து, எந்தப் பதிவும் புதுக்கோயிலுக்கு வரவில்லை என்றேன்.

"மகன் ஆஸ்பத்திரில இருக்கான் தம்பி. வெள்ளிக்கிழமை தவறாம பதியுறேன், முடிஞ்சதுன்னு மெசேஜ் வருது லா! அப்ப இத்தன நாளா யாரு செஞ்சா?"



இப்போதெல்லாம் எந்தத் தளத்தை இடம் மாற்றினாலும், பழைய முகவரியில் உரிமத்தை விடுவித்து, அங்கே வருபவர்களைப் புதியதற்குத் திருப்பிவிட்ட பிறகே மறுவேலை. கோயில் தளத்தில் தானாகப் போகும் பதிலையும் எடுத்துவிட்டேன். ஐயர் பெயர்களை வாசித்து முடிக்கும்வரை சன்னதியில் நின்று கேட்டு, பிறகு நானே பதில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைகளில் முதல் பெயர், அக்காவின் மகனுடையது.