ஓடாத மாட்டுக்கு இரண்டு தோட்டா

தூரத்திலிருந்து பார்த்தபோது சாலையோரத்தில் விரித்திருந்த ஒரு கறுப்புக் குடைதான் தெரிந்தது. மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயாவுக்குப் போகும் சாலையில், எண்ணெய்ப்பனைகள் தார் விளிம்புவரை வந்து நிற்கும் இடம் அது. பக்கத்தில் போன பிறகுதான், குடையைப் பிடித்திருந்தவர் என் அக்காவின் கணவர் என்பதும், நிழல் அவருக்கல்ல, தரையில் கிடந்த பசுவுக்கு என்பதும் புரிந்தது. பனங்குலை ஏற்றிவந்த லோரி ஒன்று அடித்துவிட்டுப் போயிருந்தது. பசு முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது, இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை, விழுந்தது, மறுபடியும் ஊன்றியது. நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் வட்டாரச் செய்தியாளன். வழக்கம்போல முதலில் லோரியின் எண்ணைக் கேட்டேன். அத்தான் குடையை மாட்டின் கண்பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "இறைச்சிக்காரர் தஞ்சோங் காராங் சந்தையில இருக்காராம். கடையைக் கட்டிட்டுத்தான் வர முடியுமாம்," என்றார். அது காலை நேரம். இறைச்சிக்காரர் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த காத்திருப்பு இது. பொங்கலுக்கு மாலை போட்டுக் கும்பிட்ட மாட்டின் மேல் நம் ஆட்கள் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். வைக்கக்கூடிய இறைச்சிக்காரருக்கோ மாடு உயிரோடு இருக்க வேண்டும். செத்ததை அவருடைய மார்க்கம் ஏற்காது. அவர் நல்ல மனிதர். வந்தால் ஒரு நொடியில் முடித்துவிடுவார். அவர் வரும்வரைதான் கஷ்டம். அதுவரை மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவோம், ஈ விரட்டுவோம். கருணையைப் போலத் தோன்றும் இவற்றையெல்லாம் செய்து, அது வலியோடு உயிரோடிருக்கும்படி பார்த்துக்கொள்வோம்.

அத்தான் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மரத்தடியில் செய்யும் வெளிக்காட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். சாலைக்கு இந்தப் பக்கம் வீடு, அதையொட்டி அவர் பெயரில் ஒரு துண்டு வாழை நிலம். மாடுகள் மேய்வது சாலைக்கு அந்தப் பக்கம், பனைகளுக்கு அடியில். ஆகவே தினமும் போகும்போதும் வரும்போதும் அவை சாலையைக் கடந்தாக வேண்டும். குடை பிடித்த அந்த நாளுக்குப் பிறகு ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். பிறகு ஒரு காலை என் வீட்டுக்கு வந்து, துப்பாக்கி லைசென்ஸுக்கு மலாயில் எழுதித் தரும்படி கேட்டார்.

எங்கள் வட்டாரத்தில் துப்பாக்கி லைசென்ஸ் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் எழுதுவார்கள்: காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது. நானும் அதையே எழுதப் போனேன். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பன்னி என்னை என்ன பண்ணுச்சு? மாட்டுக்குன்னு எழுதுங்க." அப்படியே எழுதினேன். நேர்காணலில் இருந்த மலாய்ப் போலீஸ் அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அங்கிள், பயிரைக் காக்க உங்கள் நிலத்துக்கு என்றுதான் என்னால் தர முடியும். உங்கள் நிலத்துக்குள் உங்கள் மாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்பது எனக்குப் புரியும். ஆனால் சாலையில் சுட்டால் துப்பாக்கியை நானே வந்து வாங்கிக்கொள்வேன்," என்றார். அத்தான் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலத் தலையாட்டினார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் எவ்வளவு ஆழமாக மனதில் வாங்கிக்கொண்டார் என்பது எங்கள் யாருக்கும் அன்று தெரியவில்லை.

கிள்ளானில் இருந்த துப்பாக்கிக் கடைக்காரர் வயதான சீனர். மேசையில் ஒற்றைக் குழல் ஒன்றையும் இரட்டைக் குழல் ஒன்றையும் எடுத்து வைத்தார். ரைஃபிளைப் பற்றிக் கேட்டதற்கு, நம்மைப் போன்றவர்களுக்கு அது கிடைக்காது என்று கையை ஆட்டினார். அத்தான் ஒற்றைக் குழலைத் தொட்டு, "இது போதும். என் மாடு ஓடாது," என்றார். கடைக்காரர் அதற்கு மலாயில் சொன்னதை நான் அன்றே குறித்துக்கொண்டேன்: "ஓடுகிற பன்றி தப்பினால் காட்டுக்குள் போய்விடும். ஓடாத மாட்டுக்குத்தான் இரண்டாவது தோட்டா வேண்டும். முதலாவது தவறினால், நீ அடுத்ததைப் போடுகிறவரை அது உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்." பறவைக்குப் போடும் சிதறு குண்டு உதவாது, ஒற்றைக் குண்டுத் தோட்டாதான் வேண்டும் என்றும் சொன்னார். எவ்வளவு தூரத்தில் நின்று சுடலாம் என்று அத்தான் கேட்டார். கடைக்காரர் தன் கையை நீட்டிக் காட்டினார். அந்தக் கை நீளத்தைப் பார்த்ததும் அத்தானின் முகம் மாறியது. கத்தி என்றால் தொட வேண்டும், துப்பாக்கி என்றால் தள்ளி நிற்கலாம் என்று அவர் நம்பியிருந்தார். வலியில்லாமல் கொல்ல வேண்டுமானால் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். இருந்தும் இரட்டைக் குழலை வாங்கினார்.

எங்கே சுடுவது என்பதைக் காட்டியது கால்நடை டாக்டர். இளம் பெண், தமிழ்ப் பெண். கட்டுத்தறியில் அசை போட்டுக்கொண்டிருந்த மாட்டின் நெற்றியில், ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்பின் அடிவரை சாக்பீஸால் கோடு இழுத்தார். இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் விரலை வைத்தார். "பொட்டு வைக்கிற இடம் இல்ல, அங்கிள். எல்லாரும் அங்கதான் சுட்டுடுறாங்க. அது கீழ போயிடும். இது அதுக்கும் மேல." மாடு அவருடைய விரலை நக்கப் பார்த்தது. அடுத்து வந்த மாட்டுப் பொங்கலில் அத்தான் ஒவ்வொரு மாட்டுக்கும் பொட்டு வைத்தார். எல்லாப் பொட்டுகளும் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை மேலே இருந்தன. அக்காதான் கவனித்தாள். "என்னங்க இது, நெத்தியில வைக்கச் சொன்னா உச்சந்தலையில வச்சிருக்கீங்க?" அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

துப்பாக்கியை வைக்கச் சட்டப்படி இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரோடு திருகாணியால் முடுக்கியிருந்தார். அக்கம்பக்கத்தில் கேலிக்குக் குறைவில்லை. "என்னலா, டத்தோ பட்டம் வாங்கினவரு மாதிரி துப்பாக்கி எல்லாம் வச்சிருக்கீங்க, இனி உங்க மாடு வந்தா நாங்க சல்யூட் அடிக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். அக்காவின் கேலிதான் சரியான இடத்தில் பட்டது. "துப்பாக்கிக்கு இரும்புப் பொட்டி. மாட்டுக்கு ஒரு வேலி இல்ல." அவள் சொன்னது உண்மை. ஆனால் வேலி போட்டு அடைத்தால் மேய்க்க இடமில்லை. மேய்ச்சல் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

செவலை என்று கூப்பிடும் சிவப்புப் பசு அடிபட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். மதிய நேரம். வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாடுகளில் கடைசியாக வந்தது அதுதான். மணல் லோரி. இடுப்பு உடைந்து தார் மேலேயே விழுந்தது. அங்கிருந்து பார்த்தால் அத்தானின் வாழை நிலம் தெரியும். இடையில் பாதிச் சாலை, ஒரு வாய்க்கால், அதன் மேல் பலகைப் பாலம். கூட்டம் கூடிவிட்டது. "துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வாங்கண்ணே, என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று யாரோ கத்தினார்கள். அத்தான், "ரோட்டுல சுடக்கூடாது," என்றார். அவர் சொன்னது அது மட்டும்தான். பிறகு அவ்வழியே வந்த தோட்டத்து டிராக்டரைக் கைகாட்டி நிறுத்தினார்.

மாட்டின் முன்னங்கால்களில் கயிற்றைக் கட்டியது அவர்தான். டிராக்டர் மெதுவாகத்தான் இழுத்தது. தார் மேல் இழுபடும்போது செவலை சத்தம் போடவில்லை. பலகைப் பாலத்தில் இடுப்பு தட்டியபோது போட்ட சத்தத்தை, அறியாதவர்கள் மாட்டின் சத்தம் என்றே சொல்ல மாட்டார்கள். டிராக்டர் ஓட்டிய பையன் வண்டியை நிறுத்திவிட்டு, "அங்கிள், போதும் அங்கிள்," என்று அழுதான். அத்தான் தன் வாழை நிலத்தின் எல்லைக்கல்லைக் காட்டினார். கல்லைத் தாண்டிய பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார். வீட்டுக்கு ஓடித் துப்பாக்கியோடு வந்தார். கை நீளத்தில் நின்றார். பொட்டு வைக்கும் இடத்துக்கு மேலே. ஒரே தோட்டாதான். இரண்டாவது தேவைப்படவில்லை. கடைக்காரர் சொன்னது, டாக்டர் சொன்னது, அதிகாரி சொன்னது எதிலும் ஒரு பிழை இல்லை. குடை நிழலில் காத்துக் கிடந்த அந்தப் பசு நாளெல்லாம் பட்டதைவிட, பாலத்தைக் கடப்பதற்குள் செவலை அதிகம் பட்டது.

தோட்டா செலவானதைச் சொல்லப் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். அதே அதிகாரிதான் இருந்தார். நடந்ததை நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "எங்களுக்கு ஒரு போன் செய்திருக்கலாமே, அங்கிள். எங்கள் ஆள் வந்து சாலையிலேயே சுட்டிருப்பான். அதற்கு எங்களுக்கு அனுமதி உண்டு," என்றார். அத்தான் என்னைப் பார்த்தார். போலீஸை உதவிக்குக் கூப்பிடலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கூடியிருந்த ஊருக்கும் தோன்றவில்லை. செய்தி எழுதிப் பிழைத்த எனக்கும் தோன்றவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் போலீஸ் தானாக வரும். நாம் கூப்பிட்டு வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த வாரமே அத்தான் துப்பாக்கியை ஒப்படைத்தார். காரணம் கேட்ட கான்ஸ்டபிளிடம், "கை நடுங்குது, தம்பி," என்றார். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்து ஒரு கன்று அடிபட்டபோது போலீஸுக்குப் போன் செய்தார். வருகிறோம் என்றார்கள், உண்மையாகவே வந்தார்கள். அன்று ஈஜோக் பக்கம் ஒரு பெரிய விபத்து, முதலில் அங்கே போக வேண்டியிருந்தது. அவர்கள் வந்து சேர்ந்தபோது இறைச்சிக்காரர் முந்திவிட்டிருந்தார். அவருக்கும் முன்பே கன்று செத்து முந்திவிட்டிருந்தது.

இப்போது அந்தச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். வண்டிகள் இன்னும் வேகமாகப் போகின்றன. அத்தானிடம் இன்னும் சில மாடுகள் இருக்கின்றன, விற்கச் சொன்னால், "யாருகிட்ட விக்கிறது? வாங்குறவன் வெட்டத்தானே வாங்குவான்," என்கிறார். மாடு விழுந்தால் இறைச்சிக்காரருக்கும் போலீஸுக்கும் அடுத்தடுத்துப் போன் செய்கிறார். பிறகு மாட்டின் தலைப்பக்கம் உட்கார்ந்து, யார் முதலில் வருவார் என்று சாலையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறார். பெரும்பாலும் லோரிகள்தான் வருகின்றன.