ட்ரங்க் போர்டில் ஒன்பதாவது மாதம்

டெலிபோன் ஆபரேட்டருக்கு முகம் கிடையாது, பசி கிடையாது, வயிறு கிடையாது, குரல் ஒன்றுதான் உண்டு என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். வயிறு விஷயத்தில் மட்டும் அது சரிப்பட்டு வரவில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதற்கெல்லாம் மூலமான கதை நான் கண்ணால் பார்த்ததல்ல. பிற்பாடு பக்கத்து நாற்காலிக்கு வந்த விமலா சொன்னது; அவளுக்கும் யாரோ சொன்னது. எங்கள் சூப்பர்வைசர் பத்மா மேடம் ஆபரேட்டராக இருந்த காலத்தில், வெளியூர் கால்களை இணைக்கும் ட்ரங்க் போர்டில் இருக்கும்போதே பிரசவ வலி எடுத்ததாம். பல்லைக் கடித்துக்கொண்டு, புக் ஆகியிருந்த டெல்லி ட்ரங்க் காலைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாராம். நான் உண்டாகியிருப்பதைச் சொன்ன அன்றைக்கே விமலா இதை எனக்குச் சொன்னாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போன சகோதரிகளுக்குத் தெரியும், இப்படி ஒரு கதை காதில் விழுந்தபின் சோறு எப்படி இறங்கும் என்று.

எனக்குக் கவலைப்படக் காரணமும் இருந்தது. அப்பா சைதாப்பேட்டையில் மாவு மில் ஓட்டுபவர்; எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கான காகிதம் பத்மா மேடத்தின் கையெழுத்தோடுதான் மேலே போக வேண்டும். பிள்ளையும் காகிதமும் ஏறக்குறைய ஒரே மாதத்தில் வரவேண்டியிருந்தது.

நார்த்தங்காய்

முதல் மூன்று மாதம், போர்டின் முன் உட்கார்ந்தாலே குமட்டும். கன்னத்தில் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயை அடக்கிக்கொண்டுதான் பேசுவேன். தி. நகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் தினமும் காலையில் திருநெல்வேலிக்கு கால் புக் செய்வார். ஒருநாள் நான் அவருடைய நம்பரைத் திருப்பிச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். உளறிவிட்டோமோ, புகார் எழுதப்போகிறாரோ என்று ஊறுகாயை மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி சொன்னேன்.

“வாய்க்குள்ள புளிப்பு கெடக்குன்னா எனக்குத் தெரியாதா? நாலு பிள்ளைக்குத் தகப்பன் நானு. எத்தனாவது மாசம் தாயி?” என்றார்.

படிகள்

எக்ஸ்சேஞ்ச் இரண்டாவது மாடியில். ஆறாவது மாதத்தில் ஒருநாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடுவில் நின்றுவிட்டேன். நொச்சிக்குப்பத்திலிருந்து பெருக்க வரும் முனியம்மா, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என் சாப்பாட்டுக் கூடையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இன்னாம்மா, ரெண்டு பேரா ஏறிக்கினு கீறீங்க, சம்பளம் ஒர்த்தருக்குத்தானா? குடு கூடைய!”

கதவோர நாற்காலி

அதே வாரம் பத்மா மேடம் என் இடத்தை மாற்றினார். நடுவிலிருந்த என்னைக் கதவோரத்துக்கு அனுப்பி, பக்கத்தில் விமலாவை உட்காரவைத்தார். என் ஷிஃப்ட் மாறியபோதெல்லாம் விமலாவின் ஷிஃப்டும் மாறியது. கண்காணிக்க ஆள் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். விமலாவின் மடியில் ஒரு குறிப்புப் புத்தகம் வேறு. லைனை இணைக்கும் கயிறான கார்டை நான் போர்டில் செருகும் போதெல்லாம் அவள் ஏதோ புள்ளி வைத்தாள்.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துப் புத்தகத்தைப் புரட்டினேன். பக்கம் பக்கமாகக் கோலம். திரும்பி வந்தவள் பார்த்துவிட்டாள்.

“ஏன்டி, பதினைஞ்சு புள்ளில தாமரை போட்டுப் பாக்கறேன், அதுல உன் தப்பு எங்க இருக்குன்னு தேடறியா?”

வளையல்

ஏழாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. பிரசவம் வரை கழற்றக்கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை முழங்கை வரை கண்ணாடி வளையலோடு போர்டில் உட்கார்ந்தேன். கையைத் தூக்கினால் கலகல. அது மார்பில் தொங்கும் பேசும் கருவியில் விழுந்து லைன் முழுக்கப் போனது. “லைனில் என்ன சத்தம்?” என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மேடம் எழுந்து வந்தார். கழற்றச் சொல்லப்போகிறார் என்று நானே ஒன்றை உருவ ஆரம்பித்தேன்.

அவர் முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சும் துணியும் எடுத்துவந்து, இரண்டு கையையும் மணிக்கட்டிலிருந்து சுற்றிக் கட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை. தன் மேஜைக்குப் போய் சிவப்புப் பென்சிலால் டியூட்டி ரிஜிஸ்டரில் எதையோ எழுதினார். என் தப்பைக் குறித்துக்கொள்கிறாரோ என்று அந்தச் சிவப்புப் பென்சில்தான் என்னை வாட்டியது. கட்டும்போது அவர் சொன்னது கொஞ்சம் தாமதமாகத்தான் மனதில் ஏறியது:

“இந்தச் சத்தம் ஊருக்குக் கேக்க வேண்டாம். உள்ள இருக்கற கொழந்தைக்குக் கேட்டாப் போதும்.”

திருநெல்வேலி

பிள்ளை பிறந்தபின் கூட நாள் கிடைக்கட்டும் என்று லீவைத் தள்ளிப் போட்டிருந்தேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்று காலை ஜவுளிக்கடைக்காரருக்குத் திருநெல்வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் வலி சுளீரென்று வெட்டியது. உடனே நினைவுக்கு வந்தது அந்த டெல்லி கால்தான். முடித்துவிட்டு எழுந்தால் நிரந்தரம், பாதியில் எழுந்தால் எல்லாம் போச்சு என்று பல்லைக் கடித்தேன். இரண்டாவது வலிக்கு என் கை கார்டைத் தவறவிட்டது.

தோளில் ஒரு கை. மேடம் என் ஹெட்செட்டைக் கழற்றினார். விமலா ஏற்கெனவே கார்டைப் பிடித்திருந்தாள். “முடிச்சிட்டு வரேன் மேடம், ஒரே நிமிஷம்” என்றேன்.

“திருநெல்வேலி எங்கேயும் போயிடாது. நீ எழுந்துக்கோ.”

சிவப்புப் பென்சில்

பெண் குழந்தை. லீவு முடிந்து திரும்பியபோது நிரந்தர உத்தரவு என் பெயருக்குக் காத்திருந்தது. தைரியம் வந்து மேடத்திடம் அந்தப் பழைய கதையைக் கேட்டேன்.

“டெல்லியா? மூணு தடவை கூப்பிட்டேன், அங்க யாரும் எடுக்கவே இல்லை. நான் எழுந்தா போர்டைப் பாக்க ஆள் இல்லை, அதனால உக்காந்திருந்தேன். அதுல என்ன பெருமை வேண்டிக்கிடக்கு?” என்றார்.

நான் எதையும் ஒருமுறை சரிபார்க்கிறவள். மேடத்தின் மகன் பிறந்த தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்த பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன். அன்றைய பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே, மாற்று ஆள் என்ற கட்டம் காலியாக இருந்தது. பிறகு என்னுடைய மாதங்களைப் புரட்டினேன். கதவோரத்துக்குப் போன நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன நாள் வரை, ஒரு ஷிஃப்ட் விடாமல், என் பெயருக்கு எதிரே அதே கட்டத்தில் சிவப்புப் பென்சிலில் ‘விமலா’ என்று இருந்தது.

ஆக, எங்கள் தொழிலில் வீராங்கனை என்று பெயரெடுப்பதற்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் போதும்.