பனகல் பார்க் சிக்னலில் கை மாறிய டப்பா

நானும் என் சகலையும் போட்டிக் கம்பெனிகளில் வேலை பார்த்தோம். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். இருவருக்கும் ஒரே வேலை: பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் கார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து பெசன்ட் நகரில் மாமியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் கிரிக்கெட் பேசுவோம், மீன் விலை பேசுவோம். ஆபீஸைப் பற்றி மூச்சுவிட மாட்டோம்.

விற்பனைக்கு வராத காரை ரோட்டில் ஓட்டிப் பார்க்கும்போது, அடையாளம் தெரியாமலிருக்கக் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கரை உடம்பெல்லாம் ஒட்டிவிடுவார்கள். நின்று நின்று ஊர்கிற நெரிசலில்தான் ஹைப்ரிட்டின் யோக்கியதை தெரியும். அதற்கு தி. நகரை விட்டால் வேறு இடம் ஏது? எங்கள் காரும் அங்கேதான், அவர்கள் காரும் அங்கேதான்.

அன்று பனகல் பார்க் சிக்னலில் என் காருக்குப் பக்கத்தில் அவன் கார் வந்து நின்றது. அவனிடம் கொடுக்கச் சொல்லி மாமியார் தந்த நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு டப்பா என் பையில் கிடந்து காரையே நாறடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினேன்.

"இன்னா சகலை, அத்தை குடுத்தாங்க. புடி."

"இங்கயா? சீக்கிரம் குடுங்க, சிக்னல் உழப்போவுது."

அவன் டப்பாவை வாங்கி வைக்கவும் பச்சை விழுந்தது. இரண்டு கார்களும் பேட்டரியில் சத்தமில்லாமல் நகர்ந்தன. கொஞ்ச தூரத்தில் இரண்டு இன்ஜின்களும் ஒன்றாக விழித்தன. எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகி யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடந்தன. பாகம் விற்பவர்கள் ஒரே ஆட்கள். நெரிசலும் ஒன்றே. ஒரே கணக்கை இரண்டு பேர் ஒழுங்காகப் போட்டால் வேறு விடை எங்கிருந்து வரும்?

ஆனால் இப்படிப்பட்ட கார்களை விரட்டிப் படமெடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருவன் டப்பா கை மாறியதை வீடியோவாகப் போட்டிருந்தான். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் கார் வெளிவந்து, உள்ளமைப்பு அவர்களுடையதைப் போலவே இருப்பது தெரிந்ததும், அந்த வீடியோவைத் தோண்டியெடுத்தார்கள்.

சகலையின் கம்பெனி அவனை விசாரித்தது. கருவாட்டுத் தொக்கு என்றான். சிரித்தார்களாம். ரகசியத்தை எனக்கு விற்றான், டப்பாவில் வந்தது அதற்கான பணம் என்று முடிவுகட்டி, செக்யூரிட்டியோடு வாசலுக்கு அனுப்பினார்கள்.

என் கம்பெனியும் கூப்பிட்டது. நானும் தொக்கு என்றேன். மேலதிகாரி கதவைச் சாத்தினார்.

"நான் ஒண்ணும் கேக்கலப்பா. நீயும் ஒண்ணும் சொல்லாத."

எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். அவன் திருடன், நான் கெட்டிக்காரன். நாய்ப் பிழைப்பு என்று அன்றே உதறியிருக்கலாம், யார் உதறுகிறார்கள்? அவன் போன இடத்திலெல்லாம், "அந்த வீடியோ ஆள்தானே நீங்க?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவைத்தார்கள்.

ஒரு ஞாயிறு, பெண்கள் சமையலறைக்குள் போனதும் அவன் என் பக்கம் குனிந்தான்.

"சகலை, என் லேப்டாப்ப எனக்குத் தெரியாம தொறந்து பாத்ததா நீங்க சொல்லிடுங்களேன். நான் விக்கலன்னு ஆயிடும். எனக்கு வேல கிடைக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரே விடை ஏன் வந்தது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அவன்.

"செய்யாதத எப்படிப்பா ஒத்துக்க முடியும்?"

"நான் மட்டும் செஞ்சேனா?" என்றான்.

சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தான்.