பாராசூட்டுக்குக் குத்திய ஊக்குகள்

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒஸ்லோவில் நாங்கள் குடியிருக்கும் புருசெத் தொடர்மாடியில் தொடங்கி, உறைந்துபோன ஓர் ஏரியில் முடிந்த கதை. எழுத வேண்டும் என்று தோன்றியது, போன மாதம் ஒரு சவ அடக்கத்துக்குப் போய் வந்த பிறகுதான்.

நான் வீட்டிலிருந்தே தையல் செய்பவள். பெரும்பாலும் சேலைச் சட்டைகள்தான். யாழ்ப்பாணத்துப் பெண்களும் வருவார்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பெண்களும் வருவார்கள். நாங்கள் கொய்யகம் என்பதை அவர்கள் கொசுவம் என்பார்கள். ஆனால் ஒரு பழக்கம் எல்லோருக்கும் பொது. சட்டையைக் கையில் வாங்கியதும் உள்பக்கம் திருப்பித் தையலை ஆராய்வார்கள். என் சொந்த மச்சாளே அப்படித்தான். நான் முகம் சுளிப்பதில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னையே எல்லோரும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தானே உள்ளே விட்டார்கள், சட்டையைப் பார்த்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

பக்கத்து வாசலில் ஒரு நோர்வேக்காரர் இருந்தார். எழுபது வயது தாண்டியவர், மனைவி இல்லை, ஒரே மகள் பேர்கனில். பழைய அமெரிக்கக் கார்களை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, வேறு இயந்திரம் பூட்டி, ராட்சத வேகத்தில் ஓட வைப்பதுதான் அவருடைய வாழ்க்கை. இளமையில் அமெரிக்காவின் உப்புப் பாலைவனத்தில் கார் ஓடியவராம். வயதான பிறகு குளிர்காலத்தில் உறையும் ஏரிகளில் ஓடினார். யாரோடும் போட்டி இல்லை. நேர்கோட்டில் தனியாக ஓடி, எவ்வளவு வேகம் என்று அளப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் இயந்திரத்தை முடுக்கினால் என் அலமாரியில் பீங்கான் கோப்பைகள் நடுங்கும். குடியிருப்போர் கூட்டத்தில் அவரைப் பற்றி முறைப்பாடு வராத வருடம் கிடையாது. ஒரு வருடம் முறைப்பாடு சொன்னதே என் கணவர்தான்.

அந்த மாசி மாதம் அவர் ஒரு பெரிய பையோடு எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே கிழிந்த பாராசூட் ஒன்று இருந்தது. பனிக்கட்டியில் அந்த வேகத்தில் பிரேக்கை மிதித்தால் கார் நிற்காது, சுழலும். பின்னால் பாராசூட் விரிந்து காற்றைப் பிடித்தால்தான் வேகம் அடங்கும் என்று விளக்கினார்.

எனக்குப் பயமாக இருந்தது. பிழையாகத் தைத்த சட்டையைப் பிரித்துத் தைக்கலாம், இதை அப்படிச் செய்ய முடியுமா? "இதைத் தைக்கிறவர்களிடம் கொண்டு போ" என்றேன். இந்த மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான்.

"என் ஜாக்கெட்டுக்கு நீ போட்ட தையலைப் பார்த்தேன். அது போதும்" என்றார்.

கிழிசல்மேல் இரட்டைத் தையல் போட்டுத் தைத்தேன். அவர் வந்து, என் கட்டில் முழுவதையும் மூடும்படி விரித்து வைத்து, தையலை ஒரு முறை விரலால் தடவினார். பிறகு எப்படி மடிப்பது என்று காட்டத் தொடங்கினார். நீளமாக மடித்து, அதை முன்னும் பின்னுமாக அடுக்கி, பைக்குள் வைக்க வேண்டும். வாத நோயால் அவருடைய விரல்கள் வீங்கிக் கிடந்தன. துணி நழுவி நழுவிக் கீழே விழுந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது எங்கள் சேலை மடிப்புத்தான். விட்டுவிட்டுப் போ, நான் செய்து வைக்கிறேன்" என்றேன்.

உண்மையிலேயே அழகாக மடித்தேன். கூறைச் சேலைக்குக்கூட நான் அப்படிக் கொய்யகம் பிடித்ததில்லை. வெள்ளிக்கிழமை பையை வாங்கிக்கொண்டு, காரை இழுவை வண்டியில் ஏற்றி, வடக்கே ஓர் ஏரிக்குப் போனார். அந்த வார இறுதியில் அங்கே ஓடப்போவதாக, ஏரியின் பெயரோடு சொன்னார்.

ஞாயிறு காலை தேவாலயப் பூசைக்குப் போகக் கண்ணாடி முன் நின்று சேலை உடுத்திக்கொண்டிருந்தேன். கொய்யகத்தைப் பிடித்து, தாலிக்கொடியில் கொளுவியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, வெளியே தெரியாமல் உள்பக்கமாகக் குத்தினேன். குத்திய கை அப்படியே நின்றது.

"இஞ்சாருங்கோ! நான் அந்த மனுசன்ரை பாராசூட்டுக்கு ஊக்குக் குத்திப்போட்டன்."

கணவர் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். "என்னத்துக்கு?"

"துணி வழுக்குது எண்டு. கை தன்ரை பாட்டிலை குத்திப்போட்டுது."

"அந்தாள் பிரிச்சுப் பாக்காமலே ஓடப்போகுது? உதிலை ஊறின மனுசனப்பா."

"மேலாலை பாத்தால் தெரியாது. சீலைக்குக் குத்திற மாதிரி உள்ளுக்கை குத்தினனான். அது விரியாது."

அவர் மற்றச் சப்பாத்தையும் மாட்டினார். பிறகு கார்த் திறப்பை எடுத்தார். "வெளிக்கிடும். பூசை அடுத்த கிழமையும் இருக்கும்."

வழி நெடுகப் பக்கத்து வாசல்காரருடைய தொலைபேசிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. சனிக்கிழமையே ஓடியிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் செபமாலை சொல்லத் தொடங்கினேன். பாதியில் எந்த மணியில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. வேகக் கட்டுப்பாட்டை ஒரு நாளும் மீறாத என் கணவர் அன்று மீறினார். "கமரா அடிச்சால் அடிக்கட்டும்" என்று அவர் சொன்னதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஏரிக்கரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. முதல் நாள் பனிப்புயலால் ஒருவரும் ஓடவில்லை என்று யாரோ சொன்னார்கள். தூரத்தில், வெள்ளை வெளியின் நடுவே, அவருடைய தாழ்ந்த கறுப்புக் கார் தொடக்கக் கோட்டில் நின்றது. இயந்திரம் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. எங்கள் கோப்பைகளை நடுங்க வைக்கும் அதே சத்தம்.

நான் ஓடினேன். சேலையும் குளிர் ஜாக்கெட்டும் பனிச் சப்பாத்துமாகத் தடுப்புக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் ஓடினேன். மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் மறிக்க வந்தார். பின்னால் வந்த என் கணவர் அவரைப் பிடித்துக்கொண்டு, "பாராசூட், பாராசூட்" என்று கத்தினார். நோர்வேஜிய மொழி எல்லாம் அவருக்கு மறந்துபோய்விட்டது, அந்த ஒரு சொல்தான் வந்தது. வழுக்கி விழுந்தேன், எழுந்தேன். யாரோ சிவப்புக் கொடியைத் தூக்கியதைக் கண்டேன். சத்தம் நின்றது.

அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னேன். பையை அவர் திறந்து பார்த்திருப்பார், ஊக்குகளைக் கழற்றியிருப்பார், என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார் என்றுதான் அந்த நேரத்திலும் மனதின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. காரின் பின்பக்கம் போய்ப் பையில் கை வைத்தபடி நின்றார். பக்கத்தில் நின்ற அவருடைய கூட்டாளி, "நீ பிரித்து மறுபடி மடிக்கவில்லையா? எப்போதும் செய்வாயே" என்று கேட்டார்.

"இல்லை," என்றார் அவர். "அவ்வளவு அழகாக மடித்திருந்தாள். கலைக்க மனம் வரவில்லை."

அந்த வார்த்தையைக் கேட்டதும் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாராசூட்டைப் பனியில் விரித்தார்கள். எத்தனை ஊக்குகள் குத்தினேன் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. சேலை உடுத்தும் எந்தப் பெண்ணுக்காவது அது தெரியுமா? தோல் ஜாக்கெட்டும் தாடியுமாக நின்ற அந்தப் பெரிய மனிதர்கள் எல்லோரும் முழங்காலிட்டு, மடிப்பு மடிப்பாகத் துணியைத் தடவினார்கள். ஒவ்வொரு ஊக்காக என் உள்ளங்கையில் வைத்தார்கள். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் என்னை அழ வைத்தது.

எல்லாம் முடிய மறுபடி காற்று எழும்பிப் பனி தூறத் தொடங்கிவிட்டது. ஓட்டத்தை நிறுத்தி ஏரியை மூடினார்கள். கோப்பி தந்தபோது அந்தக் கூட்டாளிதான் மெதுவாகச் சொன்னார், தன் நண்பருக்குக் கண் பார்வை மங்கி வருகிறது, வைத்தியர் அடுத்த வருடம் ஓட அனுமதிக்க மாட்டார், இதுதான் கடைசித் தடவை என்று.

என் ஊக்கு அவருடைய உயிரைப் பறித்திருக்கும். பறிக்கவில்லை. ஆனால் அவருடைய கடைசி ஓட்டத்தைப் பறித்துவிட்டது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் சேலையின் நனைந்த கரையைப் பார்த்தார்.

"வாழ்நாள் முழுக்க வேகமாக ஓடியிருக்கிறேன்," என்றார். "இன்று இந்த ஏரியில் மிக வேகமாக ஓடியது நீதான்." தன் கோப்பையிலிருந்த கோப்பியில் பாதியை என் கோப்பைக்குள் ஊற்றினார்.

அதன் பிறகு அவர் ஓடவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிடவில்லை. காற்சட்டை நீளமாக இருக்கிறது, கட்டையாக்க வேண்டும் என்பார், பொத்தான் கழன்றுவிட்டது என்பார். தைத்துக் கொடுத்ததை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு போவார். ஒரு முறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. என் கணவர் முறைப்பாடு சொல்வதை விட்டுவிட்டு, கீழ்த்தளத்துக்குப் போய் அவரோடு நின்று கதைக்கத் தொடங்கினார். இயந்திரத்தைப் பற்றி இவருக்கு ஒரு சொட்டும் தெரியாது என்பது வேறு விஷயம்.

போன மாதம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் நாடு முழுவதிலுமிருந்து பழைய கார்கள் வந்து நின்றன. பெட்டியின் மேல் பூக்களுக்குப் பதிலாக அந்தப் பாராசூட்டை விரித்திருந்தார்கள். நான் போட்ட தையல் மேலே தெரிந்தது. பெட்டியை வெளியே தூக்கி வந்ததும் காற்று பிடித்தது. துணி ஒரு பக்கம் உப்பி எழும்பி, மறுபக்கம் வழுக்கி விழப் பார்த்தது. தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். மகள் கூட்டத்துக்குள் கண்களால் தேடி, என்னிடம் வந்தாள்.

"உன்னிடம் அந்த ஊக்குகள் இருக்கின்றனவா?" என்று கேட்டாள்.

அப்பா அவளுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறார். நான் வெள்ளைச் சேலை உடுத்திப் போயிருந்தேன், தாலிக்கொடியில் ஊக்குகள் இருந்தன. கழற்றினேன். பெட்டியின் நான்கு மூலைகளிலும் துணியைக் கொய்யகமாகப் பிடித்து, வெளியே தெரியாமல் உள்பக்கமாகக் குத்தினேன். இந்த முறை அது விரிய வேண்டியதில்லை. மகள் பக்கத்திலேயே நின்றாள். நான் முடித்து நிமிர்ந்ததும், சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல், தூக்கச் சொல்லித் தலையசைத்தாள்.

சவ வண்டி நகர்ந்தபோது எல்லாக் கார்களின் இயந்திரங்களும் ஒன்றாக உறுமின. நிலம் அதிர்ந்தது. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதியில் வண்டி மெல்ல மெல்லப் போனது. என் கணவர் வாய்விட்டு அழுதார். நோர்வேக்காரர்கள் அப்படி அழுவதில்லை, ஆனால் அன்று அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போதும் பெண்கள் என் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறார்கள், பார்க்கத்தான் வேண்டும், நானே அவர்களைப் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் என் மடிப்பைக் கலைக்க மனம் வராமல் தன் உயிரையே அதில் வைத்துவிட்டு ஓடத் தயாரான ஒரு மனிதர் இருந்தார் என்பதை நினைக்கும்போது, ஒவ்வொரு ஞாயிறும் ஊக்கைக் கையில் எடுக்கையில் நெஞ்சு பதறுகிறது, அந்தப் பதற்றம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன்.