பவர் ஷட்டரில் மாட்டிய காப்பு

நான் பயந்தாங்கொள்ளி. பதுளையில் ஒரு கராஜில் கார்களுக்கு வயர் வேலை பார்க்கிறேன். பவர் ஷட்டர், அதாவது மோட்டாரில் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி, வேலை என்று ஒரு கார் வந்தால், முதலில் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் கதவைத் தொடுவேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான்கு வருடத்துக்கு முன் நடந்தது. அப்போது என் மனைவிக்கு எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போயிருந்தன. இதுவாவது உயிரோடு கைக்கு வரவேண்டும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். கொடியேறிய அன்று பூசாரி என் வலது மணிக்கட்டில் காப்புக் கட்டினார். மஞ்சள் தோய்த்த தடித்த நூல், நடுவில் சுண்டுவிரல் மொத்தத்துக்கு ஒரு மஞ்சள் துண்டு. திருவிழா முடிந்து அவரே அவிழ்க்கும் வரை அது கையில் இருக்கவேண்டும். தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. இடையில் காப்பு அறுந்தால் நேர்ச்சையும் அறுந்தது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான்.

நான் கராஜுக்குப் போக முடியாது என்றதும் கார் என்னைத் தேடி எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா ஒருவருடைய பழைய ஜெர்மன் கார். தெமோதரையிலிருந்து வெலிமடை வரை யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை பொண்ணை ஏற்ற அதைத்தான் கேட்பார்கள்.

"தம்பி, ஞாயித்துக்கிழம கல்யாண ஓட்டம் இருக்கு. பொண்ணு ஒக்கார்ற பக்கத்து ஷட்டர் பாதியிலயே நிக்குது. மழ வந்தா பொண்ணு நனஞ்சிரும்" என்றார்.

மனைவி உள்ளேயிருந்து, "காப்புக் கட்டுன கையோட இரும்பத் தொடாதீங்க" என்றாள். ஒரு மணித்தியால வேலைதான் என்று சொன்னேன். நல்ல பேச்சு யார் காதில் ஏறியது?

ஐயா கோயிலைக் கும்பிடப் போனார். நான் கதவின் உள் அட்டையைக் கழற்றினேன். யாரோ ஒரு புண்ணியவான் கண்ணாடி ஓடுகிற ரப்பருக்குத் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார். எங்கள் ஊர்க் குளிரில் அது உறைந்து, தூசியைப் பிடித்துக் களியாகிக் கிடந்தது. அதோடு மல்லுக்கட்டியே மோட்டார் களைத்து, கண்ணாடியும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். கண்ணாடியை நேராக்குவதற்காக மோட்டாரைப் பிடித்திருந்த நட்டுகளை இளக்கினேன். இற்றுப்போன வயர்களை மாற்றினேன். கையில் சிவப்பு வயர் மட்டும்தான் இருந்தது. இரண்டுக்கும் அதையே போட்டேன். கராஜில் வேறு யாராவது அப்படிச் செய்தால் நான் கத்துவேன்.

தரையில் ஒரு பேட்டரியை வைத்து வயர்களைத் தொடுத்தேன். ஒரு மாதிரித் தொடுத்தால் கண்ணாடி ஏறும், மாற்றித் தொடுத்தால் இறங்கும். வலது கை கதவுக்குள் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஏறியது, அழகாக ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன். கண்ணாடியைத் தூக்குகிற இரும்புக் கையின் பல்லுக்குள் மஞ்சள் துண்டு போய் மாட்டியது. நூல் சுருட்டிக்கொண்டு மணிக்கட்டை இழுத்தது. நான் உதறிய உதறலில் இரண்டு வயரும் பேட்டரியை விட்டுத் தெறித்தன.

நசுங்கிய மஞ்சள் வாசம் வந்தது. அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். என் கை போய்விட்டது, வரத்தான் இல்லை.

தரையில் இரண்டு சிவப்பு வயர்கள். எது எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியவில்லை. சரியாகத் தொடுத்தால் கை வெளியே வரும். மாற்றித் தொடுத்தால் மணிக்கட்டு போய்விடும். அந்த இரும்புக் கைக்குப் பின்னால் சுருள்வில் ஒன்று முறுக்கி நிற்கிறது. இதே மாதிரி ஒரு வில் விடுபட்டு, கராஜில் ஒருவர் இரண்டு விரல்களை இழந்ததை நான் கண்ணால் பார்த்தவன். அந்த வில்லை அடக்கி வைத்திருப்பது மோட்டார்தான், அதன் நட்டுகளை இளக்கி வைத்தவனும் நான்தான். மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது தெரிந்தது. கத்தினேன். கோயிலில் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்குக் கேட்கும்?

வயர் வெட்டுகிற குறடு இடது கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. இதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. அதை எடுத்தேன், நூலில் வைத்தேன், அழுத்த முடியவில்லை. இரண்டு தடவை வைத்து இரண்டு தடவையும் எடுத்துவிட்டேன். கை போனால் கை மட்டும்தான். நூல் போனால்?

மனைவி தேத்தண்ணியோடு வந்தவள், கோப்பையைக் கீழே வைத்தாள்.

"குறடு கையிலதானே இருக்கு. ஏங்க வெட்டல?"

"புள்ள..." என்றேன்.

அவள் குறட்டைப் பிடுங்கி, கதவுக்குள் கையை விட்டு, நூலை வெட்டினாள். கையை இழுத்துக்கொண்டு இருவரும் பின்னால் சாய்ந்தோம். அடுத்த மூச்சில் வில் விடுபட்டு, இரும்புக் கை கதவுத் தகட்டில் டங்கென்று அடித்தது. தகடு உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்துபோனது.

"நேந்தது எனக்காகத்தானே? வெட்டுனதும் நான்தான். குத்தம்னா என்னோட போகட்டும்" என்றாள்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. பிள்ளை பெறப்போகிறவள் அவள்தானே.

மிச்ச நூலில் புது மஞ்சள் வைத்து அவளே முடிந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கையால்தான் தீச்சட்டி எடுத்தேன். சூடு தெரியவில்லை, முடிச்சு மட்டும்தான் தெரிந்தது. கடைசி நாள் காப்பு அவிழ்க்கும்போது பூசாரி இரண்டு முடிச்சுகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். இரண்டையும் அவிழ்த்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதன் பிறகு தினமும் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அரை மணி நேரம் அசையாவிட்டால் எனக்கு வியர்க்கும். அவளோ, "ஒங்களுக்கு வேற வேல இல்லையா?" என்று சிரிப்பாள். இவளுக்குப் பயம் என்பதே கிடையாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விடிந்ததும் ஒபரேஷன் என்றார்கள். ஒரு நர்ஸம்மா வந்து, அவளுடைய தோடு, மூக்குத்தியோடு ஒரு சின்னக் கைக்குட்டை முடிச்சையும் என் கையில் கொடுத்தார்.

"இத மட்டும் குடுக்கவே மாட்டேன்னாங்க. கையில இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு ஒரே அழுக" என்றார்.

அவிழ்த்துப் பார்த்தேன். கிரீஸில் கறுத்துப்போன ஒரு துண்டு நூல். அதில் ஒட்டியபடி நசுங்கிய மஞ்சள். அந்த ஒரு மாதமும் என் முன்னால் சிரித்துக்கொண்டு, இதைத்தான் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள்.

நான் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றேன். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அப்போதும் கையைத் திறக்கவில்லை. தாயும் நன்றாக இருக்கிறாள் என்று ஒருவர் வந்து சொல்லும்வரை திறக்கவில்லை.