பலகையைப் படித்தவன்

லுட்விக் சுபான் ஓர் அளவு சொன்னால் அது கல்லில் வெட்டியது மாதிரி. கிளீவ்லாந்தில் இரும்புப் பட்டறையில் முப்பத்தாறு வருடம் அச்சுக்கருவி செய்தவர். நூலளவு பிசகினாலும் பாதி நாள் உழைப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஓய்வுபெற்ற பிறகு ஒன்றே ஒன்றுக்குத்தான் ஏங்கினார். 1954-ஆம் வருட பேஸ்பால் இறுதித் தொடரில் கிளீவ்லாந்து ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். முடிந்துபோன தொடர்தான். முடிந்துபோனதற்கு ஏங்கக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

அந்த வருடம் கிளீவ்லாந்து நூற்றுப் பதினோரு ஆட்டங்களை வென்றிருந்தது. ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. இறுதித் தொடரில் நியூயார்க் அணி நாலு ஆட்டத்தில் நாலையும் ஜெயித்து மண்ணைக் கவ்வ வைத்தது. பதிமூன்று வயது லுட்விக் வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவருடைய அப்பா, “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா” என்றார். அந்த அடுத்த வருடம் இன்றுவரை வரவில்லை.

மாதா கோயில் பழைய சாமான் விற்பனையில்தான் அந்தப் பெட்டி கிடைத்தது. ஐம்பத்து நாலின் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு சீட்டு, சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பகடை, ஒரு பலகை. சிவப்பில் ஐந்தும் வெள்ளையில் மூன்றும் விழுந்தால் ஐம்பத்து மூன்று. அந்த எண்ணுக்கு நேரே ஆட்டக்காரனின் சீட்டில் இன்னோர் எண் இருக்கும். ஓட நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கேற்ப அந்த எண்ணுக்குப் பலகை என்ன சொல்கிறதோ அதுதான் நடந்தது. பகடை போடுகிறவர் பலகையைப் பார்க்கக்கூடாது. எதிராளிதான் அதைக் கையில் வைத்துப் படித்துச் சொல்வார்.

எதிராளி எம்மெட் டூலி, அதே பட்டறையில் பக்கத்து மேசைக்காரர்; மனைவி மார்கியோடு அதே தெருக்கோடியில் குடியிருந்தவர். லுட்விக் கிளீவ்லாந்து, எம்மெட் நியூயார்க். 2003-இல் தொடங்கி ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சனிக்கிழமை மதியங்களில் லுட்விக்கின் சமையலறை மேசையில் ஏழு ஆட்டம். தோற்றவர் ஜெயித்தவரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை ஸ்லோவேனியர் மன்றத்துக்கு மீன் வறுவல் சாப்பிடப் போக வேண்டும். எட்டு வருடமாகப் போனது லுட்விக்தான்.

“வாங்க நியூயார்க்கு! ஊரு மாறிட்டீங்களா?” என்று மீன் பரிமாறும் ஃபிரான்ஸ்கா ஒவ்வொரு வருடமும் மானத்தை வாங்குவாள். “ஐம்பத்து நாலுல ஆடினவனே அழுது முடிச்சிட்டான். நீ இன்னும் முடிக்கலியா?” என்பாள் மனைவி ஆல்பினா.

“ஒரே ஒரு தடவை ஜெயிக்கட்டும். பெட்டியக் கட்டிப் பரண்மேல போட்டுட்டு நிம்மதியா இருப்பேன்” என்பார் லுட்விக். எம்மெட் சிரிப்பார்.

2011-இல் அது நடந்தது. எம்மெட் அரிசோனாவில் மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லிவிட்ட வருடம். ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் லுட்விக் போட்டது நாற்பத்தொன்று. சீட்டில் முப்பத்தொன்று.

எம்மெட் பலகையைப் பார்த்தார். “ரெண்டு பேஸ் அடிடா! உன் ஆளு ஓடி வந்து ரன் எடுத்துட்டான். ஜெயிச்சுட்டே லுட்!”

லுட்விக் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெள்ளிக்கிழமை எம்மெட் கிளீவ்லாந்து தொப்பியோடு மன்றத்துக்குள் நுழைந்தபோது ஃபிரான்ஸ்கா இரண்டு பேருக்கும் ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தாள்.

இந்தப் பகடை ஆட்டம் ஆடுகிறவர்களுக்கென்று மாதம் ஒரு செய்தித்தாள் வருகிறது. அதற்கு வெற்றிச் செய்தி அனுப்பினால் பகடை எண், சீட்டு எண், பலகையின் வரி மூன்றையும் எழுத வேண்டும். பகடையும் சீட்டும் ஆட்டத்தாளின் ஓரத்தில் குறித்தே இருந்தன. பலகையின் வரிக்காகத்தான் லுட்விக் பெட்டியைத் திறந்தார். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் சரிபார்த்ததில்லை. நண்பன் படித்ததைச் சரிபார்ப்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

முப்பத்தொன்று: எளிய கேட்ச். அவுட்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பலகை மாறவில்லை.

கண் தவறியிருக்கும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தார். மனம் கேட்கவில்லை. ஒன்பது வருடத் தாள்களையும் எடுத்து வைத்து, எம்மெட் படித்த ஒவ்வொரு வரியையும் பலகையோடு ஒத்துப் பார்த்தார். மூன்று நாள் ஆனது. எல்லாம் சரி, இன்னும் ஒன்றே ஒன்றைத் தவிர.

2006, ஏழாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், ஒரே ஒரு அவுட் பாக்கி. ரன் கணக்கு: நியூயார்க் நாலு, கிளீவ்லாந்து மூன்று. ஓட இரண்டு பேர் காத்திருக்க, லுட்விக் போட்டது ஐம்பத்தைந்து. சீட்டில் ஏழு. “நடு மைதானத்துல கேட்ச், அவுட்” என்று எம்மெட் படித்தது இன்னும் காதில் இருந்தது. ஐம்பத்து நாலிலும் நடு மைதானத்தில் ஒரு கேட்ச்தான் குடியைக் கெடுத்தது. அதனாலேயே லுட்விக் உடனே நம்பினார். பலகையில் ஏழுக்கு நேரே இருந்தது வேறு: நல்ல அடி, இருவரும் ரன் எடுப்பார்கள்.

ஜெயித்திருக்கிறார். சுத்தமாக, ஐந்து வருடத்துக்கு முன்பே. அந்த வெள்ளிக்கிழமை நியூயார்க் தொப்பியோடு தலைகுனிந்து மீன் தின்றிருக்கிறார்.

எம்மெட் வீட்டில் பாதி சாமான் அட்டைப்பெட்டிகளில் இருந்தது. கிளீவ்லாந்து தொப்பி இன்னும் அவர் தலையில். லுட்விக் இரண்டு தாள்களையும் பலகையையும் அவர் முன்னால் வைத்தார்.

எம்மெட் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். “இந்த வருஷத்தது... போறதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு குடுக்கணும்னு தோணிச்சு.”

“எங்கிட்டேருந்து திருடினதையே எனக்குத் தானம் பண்றியா? இந்தத் தாளுக்குப் பதில் சொல்லு. ரெண்டாயிரத்து ஆறு.”

“மார்கி செத்து ஏழு மாசம்டா அப்ப. ஜெயிச்சா பெட்டியக் கட்டிடுவேன்னு நீதான சொல்லிட்டே இருந்த? சனிக்கிழமையும் இல்லேன்னா நான் எங்கடா போவேன்?”

“வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா? சும்மா உக்காந்து உன் மூஞ்சியப் பாத்துட்டிருக்க மாட்டேனா?” லுட்விக்கின் குரல் உடைந்தது. “அஞ்சு வருஷம் பக்கத்துல உக்காந்து மீன் தின்னியேடா!”

எம்மெட்டும் அழுதார். “இன்னும் நாலு நாள் இருக்கு, லுட். சுத்தமா ஒரு தொடர் ஆடிடுவோம். இப்பவே.”

“ஆடலாம். நான் பகடை போட்டா பலகைய யாரு படிக்கிறது?”

லுட்விக் கோட்டுப் பையிலிருந்து நியூயார்க் சீட்டுகளை எடுத்து, திறந்திருந்த ஓர் அட்டைப்பெட்டியில் தட்டுகளுக்கு மேலே வைத்துவிட்டு நடந்தார்.

சனிக்கிழமை லாரி கிளம்பும் சத்தம் தெருக்கோடியிலிருந்து கேட்டது. வழியனுப்ப வருகிறாயா என்று ஆல்பினா கேட்டாள். வரவில்லை என்றார். சமையலறை மேசையில் உட்கார்ந்து இந்த வருடத்து வெற்றியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பிறகு 2006-ஆம் வருடத் தாளை எடுத்து, நாலுக்கு மூன்று என்றிருந்ததை அடித்துவிட்டு எழுதினார்: கிளீவ்லாந்து 5, நியூயார்க் 4.

கிளீவ்லாந்து ஜெயித்துவிட்டது. எதிர் நாற்காலியில் தோற்றுப்போக ஆள் இல்லை.