பித்தளைத் தகட்டில் யார் பெயர்?

நெப்ராஸ்காவில் வெல்டா க்ரூஸ் ஒரே சம்மட்டி அடியில் காளையைச் சாய்ப்பாள். அவளிடம் இரண்டாவது அடி வாங்கிய காளை அந்தப் பக்கத்தில் பிறக்கவேயில்லை. அந்தக் கையைத்தான் அவள் புருஷன் ஆர்வில், கல்யாணமான முதல் வருஷமே முறித்தான். மாட்டு வைத்தியம் படித்துக்கொண்டிருந்தவளின் புத்தகங்களை அடுப்பில் போட்டான். தடுத்ததற்குத் தண்டனை கை. அதன்பின் முப்பது வருஷம் இடுப்புவாரால் விளாசினான். வெல்டாவும் சும்மா இருக்கவில்லை. அவனுடைய முன்பற்கள் மூன்று அவள் வாணலிக்குத்தான் இரையாயின.

ஒரு நாள் குடித்துவிட்டுப் பன்றிப் பட்டியில் விழுந்தான். பன்றிகள் மிச்சம் வைத்தது இடுப்புவாரின் கொக்கியை மட்டும். தள்ளிவிட்டதே அவள்தான் என்று ஊரில் பேச்சு. பேசியவர்களும் அவளிடம்தான் கறி வாங்கினார்கள்.

கறிக்கூடம் அவளுடையது, காசோலையில் கையெழுத்தும் அவளுடையது. தான் படித்த பல்கலைக்கழகத்துக்கு வருஷம் தவறாமல் நன்கொடை அனுப்பினாள். நன்றிக் கடிதம் மட்டும் ஆர்வில் பெயருக்கு வரும். குடும்பம் என்றால் புருஷன் பெயரில்தான் பதிவு, அங்கே அதுதான் வழக்கம். அவன் செத்த பிறகும் வந்தது.

கடைசியில், மாட்டு வைத்தியம் படிக்கும் பெண்களுக்காக ஓர் அறுவைக்கூடம் கட்டித்தரச் சம்மதித்தாள். ஒரே நிபந்தனை, சுவரில் தன் பெயர் இருக்க வேண்டும். நன்கொடை அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த மார்ஜீன் அதை அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டாள். மேலிடமோ பழைய பதிவைப் பார்த்தது.

திறப்பு விழாவில் பல்கலைத் தலைவர் திரையை இழுத்தார். பித்தளைத் தகடு பளபளத்தது: 'ஆர்வில் க்ரூஸ் தம்பதியர்.'

வெல்டா எழுந்து வெளியே போனாள். அம்மாள் நெகிழ்ந்துவிட்டார் என்று தலைவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டியிலிருந்த சம்மட்டியோடு திரும்பி வந்தாள். முதல் அடியில் தகடு வளைந்தது. இரண்டாவதில் சுவர் பிளந்தது. பிடிக்க வந்த காவலாளியின் மூக்கு உடைந்து, விழாக் கேக்கெல்லாம் ரத்தம். மூன்றாவது அடி விழுந்தபோது தலைவர் மேஜைக்கு அடியில் இருந்தார்.

வெல்டா பையிலிருந்த இடுப்புவார்க் கொக்கியை அந்த மேஜைமேல் வீசினாள்.

"ஆர்வில்ல மிச்சம் இவ்வளவுதான்யா. அவன் பேரை இதுல வெட்டிக்குங்க."

மார்ஜீன் மட்டும் பேனாவோடு கிட்டே வந்தாள்.

"என்ன பேரும்மா போடணும்?"

"வெல்டா. புருஷன் பேரும் வேணாம், அப்பன் பேரும் வேணாம்."

"பக்கத்துல சம்மட்டி ஒண்ணு வரையச் சொல்லட்டுமா?"

"வாயாடி. மொதல்ல அந்தாளு மூக்கத் தொடச்சுவிடு."

அடுத்த வாரம் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. மூன்று மாவட்டத்துப் பெண்களுக்கும் ஒரே கேள்வி: நாங்கள் கொடுத்த பணம் யார் பெயரில் இருக்கிறது? நன்கொடை கேட்டு எந்த வீட்டுப் படியும் ஏறாமலே மார்ஜீனின் ஏடு பெண்களின் பெயர்களால் நிரம்பியது.

வளைந்த தகட்டை வெல்டா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பன்றித் தொட்டியின் ஓட்டையை அடைத்தாள். பன்றிகள் முகம் சுளிக்கவில்லை. ஆர்வில் அவற்றுக்குப் பழகிய ருசிதானே.